நிரலில் சேர்க்காத துண்டு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் மூவரும் பிரேசர் டவுனில் என் நண்பரின் வீட்டு முன்னறையில் கூடுவோம். எதற்காகக் கூடுகிறோம் என்பதை அக்காலத்தில் உறவினர் எவரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு விளங்கியிராது. நான் அரைக்கால் சட்டை அணிந்து திரிந்த நாளில் கடலுக்கு அப்பால் தொடங்கப்பட்டு, ஆட்கள் மாறியும் சண்டையிட்டும், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கலையாமல் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருந்த ஒரு ராக் இசைக்குழு எங்களை ஆட்கொண்டிருந்தது. அக்குழு எந்த ஊரில் எந்தப் பாட்டை முதலில் வாசித்தது, எதைக் கைவிட்டது, எதை எதோடு இணைத்தது என்று கச்சேரி நிரல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே எங்கள் ஞாயிற்றுக்கிழமை அலுவல்.

அவ்வகை இசையை ப்ரோகிரெசிவ் ராக் என்பார்கள். அதில் ஒரு பாட்டு பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் நீளும். நடுவே தாளம் ஏழுக்குத் தாவும், ஒன்பதுக்குத் தாவும். பாடகர் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்க, மற்றவர்கள் நெடுநேரம் வாசிப்பார்கள். பாட்டுகளின் ஆங்கிலப் பெயர்கள் எங்கள் நாவில் தங்காமையால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அலையோசை கேட்கும் பாட்டு 'கடல்'. பதினெட்டு நிமிடம் ஓடும் நெடும்பாட்டுக்குப் 'பதினெட்டு' என்றே பெயர்.

நண்பர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வாரநாட்களில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஞாயிறு காலையில் தம் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிரல்கள் அவருக்குக் கடிதத்தில் வந்தன. நேரில் கேட்ட அயல்நாட்டு ரசிகர்கள் சிலர், தாம் கேட்டதை வரிசையாக எழுதி அனுப்புவார்கள். கச்சேரியில் மறைவாகப் பதிந்த கேசட்டும் சில வேளை கூட வரும். பின்னாளில் சைபர் கஃபேக்குப் போய் மின்னஞ்சலை அச்சிட்டுக் கொண்டுவந்தார். நான் தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் கடைசல் இயந்திரம் ஓட்டியவன். அங்கே கழித்துப் போட்ட கட்டத்தாள்களில் ஊருக்கு ஒரு பத்தியாக நிரல்களை எழுதி, ஒரே பாட்டை எல்லா ஊர்களிலும் வண்ணப் பென்சிலால் கோடிட்டு இணைப்பேன். கோடு நேராகச் சென்றால் பாட்டு தன் இடத்தில் இருக்கிறது. இறங்கினால் குழு அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அறுந்தால் அதன் காலம் முடிந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அந்தத் தாள்கள் ஒரு பெருமையைத் தந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

எங்களுக்கு விதிகளும் இருந்தன. கேட்டவர் இருவர் உறுதி சொல்லாத நிரல் பென்சிலிலேயே இருக்கும், மை ஏறாது. இடைவெளியின்றி இணைத்து வாசித்த பாட்டுகளுக்கு நடுவே அம்புக்குறி வரும். மூன்றாம் விதி நான் இயற்றியது: முழுமையாக வாசிக்கப்படாத பாட்டு, அதாவது ஒரு பாட்டின் நடுவே எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் துண்டு, நிரலில் இடம்பெறாது. துண்டுகளை அனுமதித்தால் எவன் எதைக் கேட்டதாகச் சொன்னாலும் எழுத வேண்டிவரும் என்பது என் வாதம். அவ்விதியில் நான் மிகக் கண்டிப்பாக இருந்தேன்.

மூன்றாமவர் என் மனைவி. ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையும் சமையற்கட்டுமான வீட்டில் அவள் ரவிக்கை தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மாலை ஷிஃப்டு முடிந்து வந்து கேசட்டைப் போடும்போது முதலில் முகம் சுளித்தாள். ஓராண்டு கழித்து ஒரு நாள், தையல் இயந்திரத்தை மிதித்தபடியே, "இந்தக் கேசட்ல டிரம்ஸ்காரர் அவசரப்படறாரு. போன வாரம் போட்டதுல நிதானமா இருந்திச்சு" என்றாள். நான் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எங்கள் இருவரையும்விட அவளுக்குக் காது கூர்மை. அதைக் கண்டறிந்த நாள்முதல் நண்பர் அவளையும் அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வரும். ஏன் வருகிறது என்பது எவருக்கும் தெரியாதிருந்தது. சந்தாபுராவில் என் தங்கை வீட்டிலிருந்து ஒரு மாலை பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையோர மரவரிசையின் இடையிடையே சாய்ந்த வெயில் அவள் முகத்தில் விட்டுவிட்டு அடித்தது. பேசிக்கொண்டிருந்தவளின் சொல் பாதியில் நின்றது. அவள் உடல் விறைத்து, என் மடியில் சரிந்து, உதறத் தொடங்கியது. "இரும்பக் குடுங்க கையில, இரும்பக் குடுங்க" என்று எவரோ ஒரு சாவிக்கொத்தை அவள் விரல்களுக்குள் திணித்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, இவள் இனி எழமாட்டாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நாடிய மருத்துவர், தலையில் கம்பிகளைப் பொருத்தி, கண்முன் விளக்கை மின்னச் செய்து பார்த்துக் காரணத்தைச் சொன்னார். விட்டுவிட்டு வேகமாக அடிக்கும் ஒளியே அவளுக்குப் பகை. "கண்ண மூடினா மட்டும் போதாதும்மா, இமை வழியாவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ண உள்ளங்கையால சுத்தமா பொத்திடுங்க. ஒரு கண்ணு பொத்தினா போதும்" என்று அவளுக்கு வகுப்பெடுத்தார். அவள் ஒருமுறை செய்து காட்டினாள். நான் வீட்டுக்கு வந்து குழல்விளக்கைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பு மாட்டினேன். பேருந்தில் அவளை வெயில் படாத பக்கமே உட்கார வைத்தேன். தெருவில் கல்யாண ஊர்வலத்தின் விளக்குகள் வந்தால் கதவைச் சாத்துவேன். மாத்திரையால் வலிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. எனக்குள் இருந்த அச்சத்துக்கு மாத்திரை இல்லை.

புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு நண்பர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"குரு, ஒரு சேதி. சொன்னா நம்பமாட்டே. வர்றாங்க!"

"யாரு?"

"யாருன்னு கேக்கறான் பாரு! அவங்கதான். நம்ம ஊருக்கு. அரண்மனைப் பக்கத்து மைதானத்துல."

என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல், "அண்ணா, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்க" என்றாள்.

எனக்கு மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் அச்சம் வந்தது. அண்மைய சுற்றுப்பயணத்தைப் பற்றி வந்த ஒரு மின்னஞ்சலில், 'பதினெட்டு' வாசிக்கும்போது மேடை முழுவதும் வெள்ளை விளக்குகள் துடிக்கின்றன, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று ஒரு ரசிகர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். பாட்டின் நடுவே பாஸ் கிட்டார் மட்டும் தனியாக ஏழு எண்ணிக்கையில் எட்டுச் சுற்று வாசிக்கும். எட்டாவது சுற்று முடிந்ததும் அனைத்து வாத்தியங்களும் சேர்ந்து இறங்கும். அந்த இடத்தில்தான் விளக்கும் இறங்குகிறது என்றும் அவர் எழுதியிருந்தார்.

"நீ வர வேண்டாம்" என்று அன்று வீட்டில் சொன்னேன்.

"ஏன்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதே. டாக்டர் என்ன சொன்னாரு? அந்த மாதிரி இடத்துக்குப் போகாம இருந்தா நல்லதுன்னு சொன்னாரு."

"போனா கெட்டதுன்னு சொல்லலயே. பொத்திக்கணும்னு சொன்னாரு. பொத்திக்கறேன்." ஊசியில் நூலைக் கோத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "பன்னெண்டு வருஷமா கேக்கறேங்க. நான் என்ன உங்களுக்குத் துணைக்கா கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க முடியாதவன் செய்வதை நான் செய்தேன். நிரல்களை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். அதுவரை இன்பத்துக்காக ஒப்பிட்டவற்றை இப்போது அவள் உயிருக்காக ஒப்பிட்டேன். அந்தச் சுற்றுப்பயணத்தில் ஐந்து ஊர் முடிந்திருந்தது. நண்பர் ஐந்து ஊர்க்காரர்களுக்கும் எழுதி, வெள்ளை விளக்கு எந்தெந்தப் பாட்டில் என்று கேட்டார். எல்லோருடைய மறுமொழியும் ஒன்றே: 'பதினெட்டில்' மட்டும். அந்தப் பாட்டோ ஐந்து ஊர்களிலும் பன்னிரண்டாவதாக, விடைபெறும் பாட்டுக்கு முன்னால், அசையாமல் நின்றது. சிவப்புப் பென்சிலால் நான் இட்ட கோடு அளவுகோல் வைத்தாற்போல் நேராக ஓடியது. பதினோராவது பாட்டு முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு வாயிலுக்குப் போய், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அண்ணா, கேளுங்க இந்தக் கதைய. பதினெட்டு நிமிஷம் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கணுமாம். அதுக்காகத்தானே நான் வர்றதே" என்று அவள் நண்பரிடம் முறையிட்டாள்.

"காது முதுகுப் பக்கமும் கேக்கும், தங்கச்சி. ஜாஸ்தி கிரிகிரி பண்ணாதே, அவன் ஏற்கெனவே பயந்து செத்துக்கிட்டு இருக்கான்."

அந்த ஐந்து ஊர்களில் ஒன்று சிங்கப்பூர். அங்கிருந்து எழுதியவர் நிரலின் ஓரத்தில் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார்: ஏழாவதாக வாசித்த 'கடல்' பாட்டின் இறுதியில் 'பதினெட்டின்' நடுப்பகுதி ஏறத்தாழ இரண்டு நிமிடம் வந்து போயிற்று. நண்பர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"குரு, இத எழுதலாமா? நல்லா கேக்கற ஆளு அவரு."

"துண்டு" என்றேன்.

"துண்டுதான். ஆனா வந்திருக்குதே."

"இன்னிக்கு இத எழுதினா, நாளைக்கு அவங்க சுதி சேத்துக்கிட்டதையும் எழுதச் சொல்வீங்க."

"ஆய்த்து சாமி, ஆகட்டும், உன் சட்டம்" என்று சிரித்தபடி தாளை என்னிடம் தள்ளினார். அந்த வரியை நானே என் கையால் கோடிட்டு அடித்தேன். விளக்கைப் பற்றிய நினைவு அந்தக் கணத்தில் எனக்கு வரவில்லை. நிரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதொன்றே மனத்தில் இருந்தது.

கச்சேரி மாலை ஆறரைக்குத் தொடங்கியது. நாற்காலிச் சீட்டின் விலை எங்களுக்கு எட்டவில்லை. புல்தரையில் ஆயிரக்கணக்கானவரோடு நின்றோம். முதல் பாட்டின் முதல் அடி விழுந்தபோது என் மனைவி என் முழங்கையைப் பற்றினாள். திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் நின்றது. நான் சட்டைப்பையிலிருந்த சீட்டில் முதல் பாட்டைக் குறித்தேன். இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லாம் எங்கள் தாளில் உள்ளபடியே வந்தன. ஒவ்வொன்று சரியாக வரும்போதும் என் நெஞ்சின் சுமை சற்றே குறைந்தது. ஏழாவதாகக் 'கடல்' தொடங்கியபோது, மேடையில் நீல ஒளி மெல்ல அசைய, அன்றைய மாலையில் முதன்முறையாக நான் தோளைத் தளர்த்தினேன். இன்னும் ஐந்து பாட்டு இருக்கிறது. அதுவரை அச்சமில்லை என்று எண்ணினேன். கூட்டம் முன்னே நகர்ந்ததில் நண்பர் எங்கோ பின்தங்க, அவள் என்னைவிட்டு நாலைந்து ஆள் தள்ளிப் போயிருந்தாள். அதையும் பொருட்படுத்தவில்லை.

'கடல்' முடியும் இடத்தில் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்தன. நீல ஒளி அணைந்தது. இருட்டில் பாஸ் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கத் தொடங்கியது.

முதல் சுற்று என் காதில் வெறும் அழகாகவே விழுந்தது. இரண்டாவது சுற்றில் ஏழு எண்ணினேன். மைதானமே ஆர்ப்பரித்தது, அறிந்தவர்கள் அறிந்துகொண்டார்கள். மூன்றாவது சுற்றில் நான் அடித்த வரி என் கண்முன் வந்தது, மைக்கோட்டுக்கு அடியில் எழுத்துக்கள் தெரிய. விளக்கு பாட்டின் பெயரைப் பார்த்து எரிவதில்லை. வாத்தியம் இறங்கும் இடத்தில் எரியும். அந்த இடம் முழுப்பாட்டில் வந்தாலென்ன, துண்டில் வந்தாலென்ன? சிங்கப்பூர்க்காரரிடம் நாங்கள் பாட்டைக் கேட்டோம். அவரும் பாட்டைச் சொன்னார். துண்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்கத் தகாததென்று தீர்ப்பளித்தவன் நான்.

நான்கு. முன்னால் நின்றவனின் தோளைத் தள்ளினேன். "ஏய், ஏன்ரீ" என்று அவன் கன்னடத்தில் அதட்டித் திரும்பினான். ஐந்து. அவளுடைய பின்தலையும் பூச்சரமும் தெரிந்தன, கை எட்டவில்லை. அவள் பெயரைக் கூவினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆறு. யாருடைய காலையோ மிதித்தேன். ஏழாவது சுற்றில் என் விரல் அவள் தோளில் பட்டது. எட்டாவது முடிவதற்குள் பின்னாலிருந்து அவள் முகத்தை இரு கைகளாலும் வளைத்தேன். வளைத்த வேகத்தில், அங்கே ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தட்டிவிட்டேன் என்பது மட்டும் விரல்களுக்குத் தெரிந்தது. அந்த நொடியில் வானமே வெடித்தாற்போல் வெள்ளை ஒளி இறங்கியது.

ஒளி துடித்த நேரமெல்லாம் அவளைச் சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திமிறினாள். அந்தத் திமிறல் வெறும் திமிறலா, வலிப்பின் தொடக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வலிய கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது.

"ஹலோ மிஸ்டர், லேடிய விடு! விடுய்யா!"

இரண்டு நிமிடம் முடிந்து நீல ஒளி திரும்பியது. என் மனைவி என் கைகளைப் பிரித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி அந்த மனிதரிடம், "விட்டுடுங்க சார். எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள்.

"வீட்டுக்காரரா? இப்படியா புடிப்பாரு?" என்று அவர் முணுமுணுத்தபடி காலரை விட்டார்.

அவள் விழவில்லை. நின்றாள், பேசினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் காதருகே வாயை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"நான் பொத்திக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"என்ன?"

"முதல் சுத்துலயே தெரிஞ்சுபோச்சு எனக்கு. கையை வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். நீங்க வந்து தட்டிவிட்டீங்க. உங்க விரலிடுக்கு வழியா ரெண்டு கண்ணுலயும் அடிச்சுது வெளிச்சம்." தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கட்டைவிரல் துள்ளிச்சு. தானா துள்ளிச்சு. அவ்வளவுதான், போய்ட்டேன்னு நெனச்சேன். அப்புறம் எப்படியோ நின்னுபோச்சு."

நெடுங்காலம் நான் எதைக் கண்டு அஞ்சினேனோ அதை அவளிடம் கொண்டுசேர்க்க இருந்தவை என் இரு கைகளே என்பதை, எட்டாம் பாட்டும் ஒன்பதாம் பாட்டும் ஒலித்த நேரம் முழுவதும் நினைத்து நின்றேன். அந்த இரண்டு பாட்டுகளைப் பற்றி இன்று எனக்கு யாதொரு நினைவும் இல்லை. சீட்டில் குறிக்கவும் இல்லை.

பதினோராவது முடிந்தது. நண்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"வா, போலாம்" என்று அவளை அழைத்தேன்.

"நான் வரல."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும். என் கை எனக்கு இருக்குது. உங்க கைதான் வேணாம்." பிறகு, கொஞ்சம் தணிந்து, "பக்கத்துலயே நில்லுங்க. கையக் கட்டிக்குங்க. தொடாதீங்க" என்றாள்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

'பதினெட்டு' தொடங்கியது. பாஸ் கிட்டார் தனித்து வந்தபோது அவள் வலது உள்ளங்கையை வலக்கண்ணில் ஒட்டவைத்து, மற்றக் கண்ணால் மேடையை நேருக்கு நேர் பார்த்தாள். வெள்ளை ஒளி இறங்கியது. அவள் முகம் வெளுத்தும் கருத்தும் வெளுத்தும் தெரிந்தது. நான் மேடையைப் பார்க்கவில்லை. அவள் இடுப்பருகே தொங்கிய இடது கையின் கட்டைவிரலை மட்டும் பார்த்தேன்.

அது அசைந்தது.

என் கைகள் தாமாக அவிழப் போயின. நகங்கள் முழங்கையில் பதிய இறுக்கிக்கொண்டேன். விரல் மறுபடி அசைந்தது, மறுபடியும். வலிப்பு பாட்டின் தாளத்தோடு சேர்ந்து வராது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எண்ணினேன். ஏழு. மீண்டும் எண்ணினேன். ஏழு. அவள் புடவை மடிப்பின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அதை நம்பி ஒரு சுற்று மூச்சு விட்டேன், அடுத்த சுற்றில் நம்பிக்கை போய்விட்டது, மறுபடி எண்ணினேன். பாட்டு முடியும்வரை நான் செய்தது அது ஒன்றே.

விளக்குகள் நிலைத்ததும் அவள் உள்ளங்கையை எடுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "அண்ணா, எத்தன நிமிஷம்?"

நண்பர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "பத்தொம்பது, தங்கச்சி."

"நெனச்சேன். ஒரு நிமிஷம் எங்கயோ சேத்திருக்காங்க. கீபோர்டு வந்த எடத்துலதானே?"

"இல்லம்மா, அதுக்கு முன்னாடி. பாட்டு அடங்கிச்சு பாரு, அங்க."

"இல்லவே இல்ல. என்னங்க, நீங்க சொல்லுங்க, எங்க சேத்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். விடைபெறும் பாட்டும் முடிந்து வாயில்வரை அவர்கள் இருவரும் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டு நடந்தார்கள். நான் கட்டிய கையை அவிழ்க்காமல், அவள் கையைப் பார்த்தபடி, இரண்டடி பின்னால் வந்தேன்.